வந்தவளுக்கு வைத்த தண்ணீர்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, காரைக்காலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். நேர்முகத் தேர்வில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி சரியானது. அதனால்தான் மூன்று.

பிரான்சிலிருந்து இதற்கு முன்னும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். முதல் பனியைப் பார்த்ததும் வேதாரண்யம் உப்பளம் ஞாபகம் வந்ததை எழுதினேன். ரொட்டி பிரெஞ்சில் ஆண்பாலா பெண்பாலா என்று தெரியாமல், பன்மையில் அந்த வம்பு இல்லை என்று எப்போதும் இரண்டாகக் கேட்டு வாங்கி, வீட்டில் ரொட்டி குவிந்த கதையை எழுதினேன். படித்துவிட்டு நல்லாயிருக்கு என்று வாட்ஸப்பில் சொன்னீர்கள். இந்தக் குறிப்புக்கு யாரும் அப்படிச் சொல்ல வேண்டாம். இதில் பனி இல்லை, நான்தான் இருக்கிறேன்.

2

நான் காரைக்கால் டவுனில் பிறந்தவள். எங்கள் ஊரில் சில குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, இருபத்திரண்டு வயதில் பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் வந்து இறங்கினேன். ஊரில் வயதானவர்கள் சிலர் நகராட்சியை 'மெரி' என்பார்கள். இங்கேயும் அதே பெயர்தான். முதல் வருடம் எனக்கு முழுதாகப் புரிந்த பிரெஞ்சு வார்த்தை அது ஒன்றுதான்.

வசிப்பிட அட்டைக்காக விடியும் முன்பே போய் வரிசையில் நின்ற காலம் அது. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு விதம், நிக்காஹ் சான்றிதழில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறு விதம். மூன்று பேரும் நான்தான் என்று நிரூபிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இன்னொரு தாள் கேட்பாள். அந்தத் தாளைக் கொண்டுபோனால் முதல் தாள் காலாவதியாகியிருக்கும்.

பிறகு அதே மெரியில் எனக்கு மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. வீட்டு விண்ணப்பம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஓய்வூதியம் என்று தமிழ் பேசுகிறவர்கள் வருவார்கள். ஒரு பெரியவர், மூன்று வருடமாக வீடு கிடைக்காத கோபத்தில் மேசையைத் தட்டி, உங்க அப்பன் வீட்டுச் சொத்தையா கேக்குறேன் என்று கத்தினார். நான் அதிகாரியிடம் திரும்பி, ஐயா கொஞ்சம் கவலையாக இருக்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன். அதிகாரி பரிவோடு தலையாட்டினாள். பெரியவரும் தன் கோபம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திருப்தியாகப் போனார். இரண்டு பக்கமும் எனக்கு நல்ல பெயர். காரத்தைக் குறைத்துப் பரிமாறுவது பெரிய சாமர்த்தியம் என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான் ஒரு பொறியியல் நிறுவனம் என்னை எடுத்தது. நிலத்தடியிலிருந்து தண்ணீர் எடுத்து ஊர்களுக்குக் கொடுக்கும் திட்டங்களுக்கு அவர்கள் ஆலோசனை சொல்கிறவர்கள். பொறியாளர்கள் குழாயோடு வருவதற்கு முன்னால் ஒருத்தர் ஊருக்குள் போய், சனங்களிடம் பேசி, அவர்கள் சொல்வதை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பொதுமக்கள் தொடர்பு ஆலோசகர் என்று பெயர். எனக்கு முதலில் தற்காலிக ஒப்பந்தம்தான். காரைக்கால் பக்கம் சில கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கான குடிநீர்த் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு கிடைத்தபோது, என் மேலாளர் பஸ்கால் என்னைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்கே போகிறீர்கள், எங்களுக்கு இனி என்ன கவலை என்றார். நல்லபடியாக முடித்து வந்தால் வேலை நிரந்தரமாகும் என்றும் சொன்னார்.

3

போலகத்துக்குக் கிழக்கே, கடலோரம் ஒரு சிற்றூர். பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. என் உம்மா பிறந்த ஊர் அது. பாதி முஸ்லிம் வீடுகள், மீதி விவசாயக் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகள். ஊருக்குப் பின்னால் பனைகள் நிற்கும் ஒரு மணல்மேடு இருக்கிறது. பெய்கிற மழை அந்த மணலுக்கு அடியில் தங்கிவிடும். சுற்றி எங்கே தோண்டினாலும் உப்பு, அந்த மேட்டில் மட்டும் நல்ல தண்ணீர்.

அந்த மேட்டில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, வட்டாரம் முழுவதற்கும் குழாயில் தண்ணீர் கொடுப்பதுதான் திட்டம். மற்ற ஊர்களுக்கும் தண்ணீர் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சிற்றூர் மேட்டுத் தண்ணீரை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொள்வது என் வேலை. நம்பியிருந்தால் குழாய்களைக் குறைப்பார்கள், அல்லது வேறு இடம் பார்ப்பார்கள். என் கையில் ஒரு படிவம் இருந்தது. குடிதண்ணீர் வீட்டிலேயே கிடைக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா? ருசி நல்லதா, சுமாரா, மோசமா? ருசியை நானே குடித்துப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

பத்து நாள் நடந்தேன். எந்த வீட்டு வாசலில் நின்றாலும், யார் என்று கேட்பதற்கு முன்னால் வாங்க, உக்காருங்க என்றார்கள். உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. அதற்கப்புறம்தான் விசாரணை. நம்ம சபியா மவளா, பிரான்ஸ்லேர்ந்தா வர்றீங்க, எத்தனை புள்ளைங்க என்று ஆரம்பித்து, என் மாமியார் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறாரா என்பது வரை போய் நிற்கும். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டால், எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். வீட்லதாங்க இருக்கு, குடிங்க.

குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. வீட்டிலேயே, நல்லது என்று இரண்டு கட்டங்களில் குறி போட்டேன். சாயங்காலம் அன்றன்றைய தாள்களைப் படம் எடுத்து பஸ்காலுக்கு அனுப்பினேன். அருமை, ஊர்க்காரர் எழுதினால் எழுத்தே வேறு என்று அவர் பதில் போட்டார்.

4

பதினோராவது நாள் கிளம்புகிற ஏற்பாட்டில், ஜொஹரா லாத்தா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா மகள், என்னைவிட எட்டு வயது மூத்தவர். சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவர். கொடுவா மீன் ஆணம் வைத்து, தட்டு காலியாக விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். அடுப்படி வாசலில் ஒரு நீல டிரம் இருந்தது. அதிலேயே மொண்டு கையைக் கழுவி, வாயையும் கொப்பளித்தேன். கடலில் விழுந்து எழுந்த மாதிரி வாயெல்லாம் உப்பு.

லாத்தாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அதுல ஏன் வாய வச்ச? அது எங்களுக்கு. ஒனக்கு வச்சது மேட்டுக் கிணத்துத் தண்ணி, வெள்ளன போய் எடுத்தாந்தது."

மற்ற வீடுகளில் எப்படி என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றார். மேட்டுக் கிணற்றிலிருந்து வீட்டுக்கு இரண்டு குடம்; அதில் ஒன்றை வருகிறவர்களுக்கு என்று மூடி வைத்துவிடுவார்கள். இன்னொன்றை வீட்டு உப்புத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து தாங்கள் குடிப்பார்கள், கஞ்சி வைப்பார்கள். வந்தவர்கள் வாயில் உப்பு படலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் கேவலம். டவுனில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு எவர்சில்வர் குடம் இருந்தது. நாங்கள் பிள்ளைகள் அதில் கை வைக்க மாட்டோம். அது தீர்ந்திருக்கிற நேரத்தில் யாராவது வந்துவிட்டால், உம்மா பேசாமல் கண்ணைக் காட்டுவார். நான் கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு செம்பு வாங்கி வருவேன். எங்கே எடுத்தது என்று வந்தவர்களிடம் சொல்ல மாட்டோம். சோறு போட்டுவிட்டு அரிசி விலையைச் சொல்வதற்குச் சமம் அது. வேறு ஊர்க்காரி ஒருத்தி இந்த இடத்தில் ஏமாந்திருந்தால் பாவம், தெரியாது என்று விட்டுவிடலாம். நான் அந்தச் செம்பைத் தூக்கி நடந்தவள். பத்து நாள், ஒவ்வொரு டம்ளராக வாங்கிக் குடித்துவிட்டு, அந்த ஊருக்கு மேட்டுத் தண்ணீர் தேவையே இல்லை என்று எழுதி வைத்திருந்தேன்.

அதோடு நிற்கவில்லை. இதுவரை சொன்னது அசட்டுத்தனம். இனிமேல் சொல்லப்போவது வேறு.

மத்தியானமே விடுதி அறைக்குத் திரும்பினேன். விமானத்துக்கு இரண்டு நாள் இருந்தது. கணினியில் அறிக்கையைத் திறந்து, மேலே உள்ள அட்டவணை தவறு, வீடுகளுக்கு மறுபடியும் போக வேண்டும் என்று ஒரு பத்தி எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியானால் பத்து நாள் என்ன செய்தீர்கள் என்று பஸ்கால் கேட்பார். மகள் சமீராவின் கல்லூரிச் சேர்க்கைக்கு நான் நேரில் போயாக வேண்டும். நிரந்தர வேலை என்ற பேச்சு அந்தரத்தில் தொங்கியது. எப்படியும் பொறியாளர்கள் தண்ணீரைத் தனியாகச் சோதிக்கத்தானே போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தப் பத்தியை அழித்தேன். பொறியாளர்கள் தண்ணீரைச் சோதிப்பார்கள், அதை யார் குடிக்கிறார்கள் என்பதை என்னிடம்தான் கேட்டிருந்தார்கள். இது அப்போதும் எனக்குத் தெரியும்.

வேலை நிரந்தரமானது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

5

இரண்டு வருடம் போனது. மேட்டில் முதல் கட்டக் குழாய்கள் ஓடத் தொடங்கின. இப்போது இரண்டாம் கட்டம், அதே மேட்டில் இன்னும் சில குழாய்கள். இந்த முறை வெளியிலிருந்து ஆள் அனுப்ப வேண்டாம், அங்கேயே ஒரு பொதுமக்கள் தொடர்பு ஆலோசகரைத் தேர்ந்தெடுப்போம் என்று முடிவானது. தேர்வுக்குழுவில் மூன்று பேர். பஸ்கால், ஊரிலிருந்து ஓர் அதிகாரி, நான். விண்ணப்பித்தவர்கள் கிராமத்தாரிடம் எப்படிப் பேசுவார்கள் என்று பார்க்க அதிகாரி தமிழில் கேள்வி கேட்பார். நான் அதை பஸ்காலுக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். அதிகாரிக்குப் பிரெஞ்சு வராது, பஸ்காலுக்குத் தமிழ் வராது. நடுவில் நான் ஒருத்திதான்.

முதலில் வந்தவர் சென்னைக்காரர். படங்களும் அம்புக்குறிகளுமாக அழகாகப் பேசினார். அடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பாதி நேரம் தன் மைக்கோடு மல்லுக்கட்டினார். மூன்றாவது மலர்விழி. திருநள்ளாறு பக்கம், நெல் விவசாயம் செய்கிற குடும்பம். மகளிர் குழுக்களோடு சில வருடம் வேலை பார்த்தவள். கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அதிகாரி கடைசியில் கேட்டார். அது ஒரு சம்பிரதாயம். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

அவள் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "மொதல் அறிக்கையில எல்லா வீட்லயும் நல்ல தண்ணி இருக்குன்னு போட்டிருக்குங்க. நான் போன வாரம் பஸ் புடிச்சுப் போய்ப் பாத்தேன். நல்ல தண்ணி அந்த மேட்டுக் கிணத்துல மட்டுந்தாங்க இருக்கு. வந்தவங்களுக்குன்னு எடுத்து வச்சத குடிச்சிட்டு எழுதியிருக்காங்க. அந்த ஆளு யாருன்னு சொன்னா, நான் பேசணும். அத சரி பண்ணாம ரெண்டாவது கட்டம் எப்படிங்க ஆரம்பிக்கிறது?"

அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். பார்ப்போம்மா, அதெல்லாம் நடைமுறை இருக்கு என்றார். பஸ்கால் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

நான் பிரெஞ்சில் சொன்னேன். "முந்தைய ஆவணங்களைப் படிக்கத் தனக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்கிறார்."

நிச்சயமாக, என்றார் பஸ்கால். அதை நான் தமிழில் அவளுக்குச் சொன்னேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், சரிங்க என்றாள். திரை இருண்டது.

அணுகுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது, பத்து மதிப்பெண்ணுக்கு. மூன்று போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், முந்தைய பணியை மதிக்கும் பக்குவம் போதாது என்று எழுதினேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் எழுதினேன்.

6

சமீராவுக்குத் தமிழ் போய்விட்டது என்று உங்களிடம் இரண்டு முறையாவது புலம்பியிருக்கிறேன். ஏழு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். ஊருக்குப் போனால் சலாம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். ஒரு கரையில் நின்று நான் பேச, மறுகரையிலிருந்து அவள் பதில் சொல்கிற வாழ்க்கை எங்களுடையது.

அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு கிடையாது. நான் கணினியை மூடியதும், காப்பி எடுக்க வந்தாள். குவளையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தமிழில் சொன்னாள்.

"அவ அப்படிச் சொல்லல, உம்மா."

எனக்கு முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடமாக எதற்குக் கெஞ்சினேனோ, அது இந்த நேரத்திலா வரவேண்டும்? அலுவலக விஷயம், உனக்குப் புரியாது என்றேன். எல்லாம் புரிந்தது என்று பிரெஞ்சில் சொன்னாள். அந்த அறிக்கையை எழுதியது யார் என்று கேட்டாள். யாரோ என்றேன். அவள் போகாமல் நின்றாள். அப்புறம் நான் சொல்லிவிட்டேன், மத்தியானம் அழித்த பத்தி வரைக்கும்.

சமீரா கத்தவில்லை. ஜொஹரா பெரியம்மா ஊரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். குவளையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். பெற்ற பிள்ளை திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். அவள் எனக்கு அந்த வழியையும் விடவில்லை.

7

லாத்தாவைக் கூப்பிட எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் எடுத்ததும் வழக்கம் போல வானிலை, வயிற்றுவலி, யார் வீட்டில் நிக்காஹ், யார் மௌத்து எல்லாம் பேசினோம். பிறகு நான் ஆரம்பித்தேன். அந்த டிரம் தண்ணீர் வாயில் பட்ட நாளில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தும் மாற்றாமல் விட்டேன் என்றேன்.

"தெரியும் புள்ள," என்றார்.

எப்படி என்று கேட்டேன். முதல் கட்டக் குழாய் போடுவதற்கு முன்னால் ஊரில் கூட்டம் போட்டார்களாம். எங்களுக்கு அந்த மேட்டுத் தண்ணிதான், வேறு கிடையாது என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். வந்திருந்த அதிகாரி என் அட்டவணையை எடுத்து வாசித்திருக்கிறார். அதன் பிறகு நடந்ததை லாத்தா சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒங்க ஊட்டுப் பொண்ணுதானே எழுதிக் குடுத்திருக்கு, அது பொய்யா எழுதிருச்சான்னு கேட்டாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. அந்தாண்ட தெருவுக்காரங்களும் என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க. நான் எந்திரிக்கத்தான் பாத்தேன். சபியா சின்னம்மா மவள பொய்க்காரின்னு நான் எப்படிப் புள்ள சபையில சொல்றது?"

அந்த அமைதியைச் சம்மதம் என்று பதிவு செய்துகொண்டு போயிருக்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு, கூலிக்குப் போகிறவர்களின் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் லாத்தாவிடம் வந்து, சொன்னா அவங்களுக்கு வேலை போயிடும்ல, வெளிநாட்டுல தனியா கெடந்து கஷ்டப்படுறவங்க என்று சொன்னாளாம். எனக்காக. நான் அவள் வீட்டிலும் தண்ணீர் குடித்திருப்பேன். அவள் பெயர்கூட எனக்கு நினைவில்லை.

கிணறு இப்போது எப்படி என்று கேட்டேன். கயிறு நீளமாகிக்கொண்டே போகிறது, போன கோடையிலிருந்து அதிலும் லேசாக உப்பு தட்டுகிறது என்றார். வருகிறவர்களுக்குக் கேன் தண்ணீர் வாங்கி வைக்கிறார்களாம். இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

பிறகு மலர்விழியைப் பற்றிச் சொன்னேன். அவளை லாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தது, நான் தண்ணீர் கொடுக்குமுன் அடுப்படி வரைக்கும் வந்து தானே டிரம்மில் மொண்டு குடித்தது என்றார். அவளுக்கு நான் மதிப்பெண் குறைத்துப் போட்டதைச் சொன்னேன்.

"எத்தனை போட்ட?"

"மூணு."

"எத்தனைக்கு?"

"பத்துக்கு."

அவர் பக்கத்தில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். லாத்தா அதற்கு இளகவில்லை.

"எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போவுது? சபையில கேட்டதுக்கு சபையிலதான் பதில் சொல்லணும். ஒனக்கோசரம் நாங்க ஒரு தடவ வாய மூடிட்டோம். இன்னொரு தடவ முடியாது, புள்ள."

8

அன்றே பஸ்காலுக்கு எழுதினேன். இந்த முறை பத்தியை அழிக்கவில்லை. அட்டவணை தவறு, தவறு என்று தெரிந்தே விட்டேன், நேர்முகத் தேர்வில் அந்தப் பெண் கேட்டதை மாற்றிச் சொன்னேன், அவள் உண்மையில் கேட்டது இது என்று வரிசையாக எழுதினேன். அனுப்புவதற்கு முன் சமீராவைக் கூப்பிட்டு, மலர்விழி கேட்டதைச் சரியாகப் பிரெஞ்சில் போட்டிருக்கிறேனா என்று பார்க்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு ஒரு வார்த்தையை மாற்றினாள். நான் அங்கேயும் கொஞ்சம் காரம் குறைத்திருந்தேன்.

பஸ்கால் இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. தேர்வுக்குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மூன்று பேருக்கும் நான் போட்ட மதிப்பெண்கள் ரத்து. அடுத்த வாரம் விசாரணை, ஒரு துணையாளை அழைத்து வரலாம் என்று சட்டப்படி தெரிவித்திருக்கிறார்கள். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இங்கே வந்து முப்பது வருடம் கழித்து, நான் நான்தான் என்று இன்னொரு தடவை தாள்களோடு போய் நிற்க வேண்டும். இந்த முறை எனக்கு அதைப் பற்றிப் புகார் சொல்ல வாயில்லை. மலர்விழிக்கு அந்த வேலை கிடைக்குமா என்பதும் தெரியவில்லை. மற்ற இருவர் என்ன போட்டார்களோ.

அந்த ஆள் யார் என்று அவள் கேட்டிருந்தாள் அல்லவா? அவளுக்கும் எழுதி, நான்தான் என்றேன். பதில் மறுநாளே வந்தது. திட்டு இல்லை, ஆறுதலும் இல்லை. ஊர்க்காரர்கள் கூட்டத்தை மறுபடி கூட்டச் சொல்லி மனு கொடுக்கப் போகிறார்கள், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தானும் கூடப் போவதாகச் சொன்னாள். நீங்கள் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கூட்டத்தில் வாசிப்போம், சுருக்கமாக எழுதுங்கள், காரணமெல்லாம் வேண்டாம் என்றிருந்தாள்.

காரணங்களை இங்கே உங்களிடம் கொட்டிவிட்டேன். கல்லூரிச் சேர்க்கை, ஒப்பந்தம், விமானம் எல்லாம் மேலே இருக்கின்றன, வேண்டுமானால் இரக்கப்பட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு எழுதிய தாளில் அவை இல்லை. நேற்று அதைத் தபாலில் அனுப்பினேன். அது இவ்வளவுதான்:

ஊர்ச் சபைக்கு சலாமும் வணக்கமும். போன கூட்டத்தில் அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஜொஹரா லாத்தா, நீங்க எந்திரிக்க வேணாம். நான் சபியா மகள் பல்கீஸ் சொல்றேன். ஆமாங்க, நான் பொய்தான் எழுதினேன்.